அது பிரான்மலை இல்லை, பாபநாசம்: உங்கள் வளவில் தொங்கும் டேனியல் படம் பற்றி

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீட்டில், வளவுச் சுவரில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், வரிசையாக மாட்டிய ரவிவர்மா படங்களுக்கு நடுவே ஓர் அருவிப் படம் இருக்கிறது. கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் டேனியல் என்று பேர். "வெள்ளைக்காரன் ஒருத்தன் நம்ம பக்கம் வந்து பிரான்மலையில உட்கார்ந்து வரைஞ்சது" என்று ஐயா சொல்வாராம். இப்போது பழைய சாமான் வாங்கும் ஒருவர் அதை விலைக்குக் கேட்கிறார். யார் இந்த டேனியல், படத்தைக் கொடுத்துவிடலாமா?

மேலுக்கு விலைக் கேள்விதான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை இரண்டு தரம் படித்தால் வேறொன்று தெரிகிறது. அந்த ஆள் நிஜமாகவே வந்தாரா, அருவிக்கு முன்னால் நின்று பார்த்தாரா, இல்லை ஐயா சொன்னது சும்மா கதையா என்பதுதான் உங்களை உறுத்துகிறது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். நான் கும்பகோணத்தில் ஓவியம் படித்தவன். முப்பது வருஷத்துக்கு மேலாக நம் பக்கத்து வீடுகளில் பழைய படங்களைச் சட்டம் கழற்றிப் பழுதுபார்த்து வருகிறேன். சொல்வதில் பாதி படித்தது, பாதி கைப்பழக்கம்.

வந்தார். நின்றார். வரைந்தார். ஆனால் பிரான்மலையில் இல்லை. நீங்கள் போட்டிருக்கும் போட்டோவில் கீழ்வரியைப் பெரிதாக்கிப் பாருங்கள், 'டின்னவெல்லி', அதாவது திருநெல்வேலி, என்பது தெளிவாகவே இருக்கிறது. அதற்கு முன்னால் 'புப்பனாசம்' என்று வாயில் நுழையாத மாதிரி எழுதியிருப்பது நம் பாபநாசம். தாமிரபரணி மலையை விட்டு இறங்குகிற இடம். ஐயாவுக்கு அந்த எழுத்து பிடிபட்டிருக்காது. தெரிந்த மலையின் பேரைச் சொல்லிவிட்டார்.

தாமஸ் டேனியல் 1749இல் இங்கிலாந்தில், தேம்ஸ் கரையிலுள்ள செர்ட்சி என்ற சிற்றூரில் பிறந்தவர். வழிப்போக்கர் தங்கும் விடுதி நடத்திய குடும்பம். சின்ன வயதில் அவரைக் குதிரைவண்டிகளுக்கு வர்ணம் பூசுகிறவரிடம் வேலைக்கு விட்டார்கள். பணக்காரர் வண்டிக் கதவில் குலச்சின்னம், பூ, இலை எழுதுகிற வேலை. அதிலிருந்து மேலேறி 1773இல் லண்டன் ராயல் அகாடமிப் பள்ளியில் சேர்ந்தார். அன்றைக்கு அங்கே முகம் வரைகிறவனுக்குத்தான் காசு. மலையும் மரமும் வரைகிறவனைச் சீந்த ஆளில்லை. முப்பத்தைந்து வயது வரை அப்படியும் இப்படியுமாக ஓட்டிப் பார்த்துவிட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வங்காளத்துக்குப் போக அனுமதி கேட்டார். அச்சுத்தகட்டில் படம் செதுக்குகிற வேலைக்காரன் என்று சொல்லித்தான் கேட்டார், ஓவியன் என்று அல்ல. துணைக்குத் தகப்பன் இல்லாத, பதினைந்து பதினாறு வயதுச் சகோதரன் மகன் வில்லியமைக் கூட்டிக்கொண்டார். (இவர் அந்தப் பையனுக்குச் சித்தப்பாவா பெரியப்பாவா என்று இங்கிலீஷ் எழுத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, எல்லாம் ஒரே அங்கிள்தான். நான் சித்தப்பா என்றே வைத்துக்கொள்கிறேன்.)

நகரத்தார் வீட்டுக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். மீசை முளைக்காத பையனைப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் தொழில் பழகுகிற எடுபிடியாக, பர்மாவுக்குக் கப்பலேற்றிய வீடுகள்தானே நம் ஊர்கள் எல்லாம். நம் பையன் கணக்கு எழுதக் கற்றுக்கொண்டது போல வில்லியம் தாமிரத்தகட்டில் கோடு போடக் கற்றுக்கொண்டான், அவ்வளவுதான் வித்தியாசம். பிற்பாடு அந்தப் பையன் கை சித்தப்பாவின் கையைத் தாண்டிப் போனது.

1785 ஏப்ரலில் கப்பலேறி, சீனத்துக் கான்டன் வழியாக 1786 தொடக்கத்தில் கல்கத்தா சேர்ந்தார்கள். போன கையோடு கல்கத்தா நகரத்தைப் பன்னிரண்டு படமாகப் போடுவது என்று இறங்கினார் தாமஸ். அச்சுக்கூடம், தகடு, மை, ஆள் எதுவும் தோதாக இல்லாத ஊர். முடிக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. ஓவியனும் நானே, செதுக்குகிறவனும் நானே, செம்புக் கொல்லனும் நானே, அச்சடிக்கிறவனும் நானே, அவனுக்கு எடுபிடியும் நானே என்கிற தோரணையில் லண்டன் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அலுத்துக்கொள்கிற கடிதம்தான், ஆனால் விட்டுவிடுகிறேன் என்று அதில் எங்கேயும் இல்லை. மனுஷர் சுபாவம் தெரிய அது ஒன்று போதும்.

அந்தப் படங்கள் விற்ற காசில் 1788இல் கங்கையில் படகேறினார்கள். மூன்று வருஷம் வடக்கே சுற்றினார்கள். ஆக்ரா, டெல்லி பார்த்துவிட்டு இமயமலைக்குள் கர்வால் ஸ்ரீநகர் வரை 1789இல் ஏறினார்கள். அதற்கு முன் ஐரோப்பியர் அநேகமாகக் கால் வைக்காத இடம் அது. அங்கே அலக்நந்தா ஆற்றின் மேல் கட்டியிருந்த கயிற்றுப் பாலத்தை வரைந்திருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் நமக்கு வயிற்றைக் கலக்கும். உள்ளூர் ராஜாவுக்குச் சண்டை மூண்டதால் சீக்கிரமே இறங்கி ஓடிவர வேண்டியிருந்தது. இவர்களுக்கு முன்னே வில்லியம் ஹாட்ஜஸ் என்று ஓர் ஓவியர், கேப்டன் குக்கோடு தென்கடல் சுற்றியவர், இந்தியாவில் சில வருஷம் இருந்து படம் போட்டிருந்தார். டேனியல்கள் அவர் நின்ற இடங்களிலேயே போய் நின்று, அவர் படத்தைப் பக்கத்தில் வைத்து, இங்கே தப்பு அங்கே தப்பு என்று சரிபார்த்தார்கள். ஒரு வித்வான் இன்னொரு வித்வானுக்குத் தாளம் எண்ணுகிற மாதிரி.

இனி நம் பக்கம். கல்கத்தா திரும்பியதும் வரைந்த படங்களைக் குலுக்கல் சீட்டுப் போட்டு விற்றுப் பணம் சேர்த்தார்கள். 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து தெற்கே கிளம்பினார்கள். அந்த மாதத்துக்குக் காரணம் உண்டு. மார்ச்சில்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானோடு உடன்படிக்கை ஆகியிருந்தது. பாராமகாலும் (கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்) சேலமும் திண்டுக்கல்லும் கம்பெனி கைக்கு வந்திருந்தன. செய்தித்தாளில் பேர் மட்டும் படித்த மலைக்கோட்டைகளைப் படமாகப் பார்க்க இங்கிலாந்தில் ஆள் காத்திருந்தது. ஆகவே முதலில் ஓசூர், ராயக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கோட்டைகள். அப்புறம் மதுரை, பாபநாசம், திருச்சி, தஞ்சாவூர். பல்லக்கு, அதைத் தூக்குகிறவர்கள், மூட்டை சுமக்கும் மாடுகள், மொழி பெயர்க்கிற துபாஷ் என்று ஒரு சிறு ஊரே கூட நகர்ந்தது. சித்திரை வைகாசி வெயிலில் தார் ரோடு இல்லாத காலத்தில் அது என்ன பயணம் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பல்லக்குத் தூக்கிகள் இல்லாவிட்டால் உங்கள் வீட்டில் படமும் இல்லை.

நம் செட்டிநாட்டு ஊர் எதுவும் அவர்கள் அச்சுப்போட்ட படங்களில் இல்லை. மதுரை, திருச்சி, தஞ்சை மூன்றையும் புள்ளி வைத்தால் நாம் பக்கத்திலேயே இருக்கிறோம், இருந்தும் இல்லை. வருத்தப்பட ஒன்றுமில்லை. அது மருது சகோதரர்கள் சிவகங்கையை ஆண்ட காலம். இப்போது வெளியூர்க்காரர் வந்து போட்டோ எடுக்கும் முகப்பும், பர்மாத் தேக்குத் தூணும், ஆத்தங்குடிக் கல்லும் வருவதற்கு அப்புறம் ஐம்பது நூறு வருஷம் ஆனது.

அவர்கள் எப்படி வரைந்தார்கள் என்பதில்தான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இருக்கிறது. ஓர் இருட்டுப் பெட்டி கொண்டுபோனார்கள். முன்னால் கண்ணாடி வில்லை, உள்ளே சாய்ந்த கண்ணாடி. எதிரே நிற்கிற கோபுரம் பெட்டிக்குள் காகிதத்தின் மேல் நிழலாக விழும். பென்சிலால் அந்த நிழலின் ஓரத்தை இழுத்துக்கொள்ள வேண்டியது. நம் பந்தல் ஆசாரி சுவரில் நூல் அடித்துக் கோடு போடுகிற மாதிரி. ஆகவே கட்டடத்தின் அளவு, தூண் எண்ணிக்கை, பாறையின் விளிம்புக்கோடு இவற்றை நம்பலாம். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலை இடிபாடாகப் போட்டிருக்கிறார்கள். 1860களின் கடைசியில் நேப்பியர் பிரபு கவர்னராக இருந்து பழுதுபார்ப்பதற்கு முன் அது எப்படிக் கிடந்தது என்று பார்க்க இந்தப் படங்கள் உதவும். மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தையும் போட்டிருக்கிறார்கள். தையல் மெஷின் சத்தத்தோடும் புத்தகக் கடையோடும் அதைப் பார்த்துப் பழகிய எனக்கு, காலியாக, நீளமாக, தூண்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டே இருப்பதைப் படத்தில் பார்த்தபோது வேறு ஊர் போல இருந்தது.

நம்பக் கூடாதது மனிதர்களையும் மரங்களையும் ஆகாயத்தையும். அந்தக் காலத்து இங்கிலீஷ் ருசிக்குப் படத்தின் ஓரத்தில் ஒரு மரம் சாய வேண்டும், முன்னால் கொஞ்சம் நிழல் வேண்டும், நாலு பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். அதை லண்டனில் மேஜையில் உட்கார்ந்து பிற்பாடு சேர்த்துக்கொள்வார்கள். சின்னச் சின்ன உருவமாக நம்மவர்கள் வருவார்கள், யாருக்கும் முகம் இருக்காது. கல்லைப் பார்த்த கண்ணால் ஆளைப் பார்க்கவில்லை என்பது என் குறை. இதில் கருத்து வேறுபடுகிறவர்கள் உண்டு. இன்னொரு சந்தேகம், எந்தப் படம் யார் கை என்பது. அச்சில் இரண்டு பேர் பேரும் சேர்ந்தே வரும். சித்தப்பா கோடு இது, பையன் கோடு இது என்று அடித்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. பயணத்தில் நாட்குறிப்பு எழுதியது வில்லியம், ஆகவே நமக்குக் கேட்கிற குரல் பெரும்பாலும் பையனுடையது. தாமஸ் பேசியது குறைவு.

பாபநாசத்துக்கு நானும் ஒரு முறை அந்தப் படத்தின் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். 1940களில் அங்கே நீர்மின் நிலையம் வந்துவிட்டது. தண்ணீர் இப்போது நினைத்தபடி விழுவதில்லை, திறந்தால் விழும். இருந்தாலும் பாறை பாறையாகவே இருக்கிறது. படத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நகர்ந்தேன். பக்கத்தில் குளிக்க வந்திருந்த ஒரு குடும்பத்தில் பெரியவர், "சர்வேயா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

தெற்கை முடித்து, சென்னையில் இன்னொரு குலுக்கல் போட்டு, 1793இல் பம்பாய் போனார்கள். ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியரோடு எலிஃபெண்டா, சால்செட் குகைகளைப் பார்த்தார்கள். ஊர் திரும்பலாம் என்றால் அதற்குள் பிரான்ஸோடு போர். மஸ்கட் வரை போயும் வழி சரிப்படாமல், மறுபடி சீனம் சுற்றி, சீனத்துக்குப் போயிருந்த மெக்கார்ட்னியின் பிரிட்டிஷ் தூதுக்குழுவின் கப்பல்களோடு சேர்ந்து 1794 செப்டம்பரில்தான் இங்கிலாந்தில் இறங்கினார்கள். போனபோது பையனாக இருந்த வில்லியமுக்கு இருபத்தைந்து வயது.

நிஜ வேலை அப்புறம்தான் தொடங்கியது. லண்டன் ஹவ்லண்ட் தெருவில் வீடு பிடித்து, இந்தியப் படங்களைத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார்கள்: 1795 முதல் 1808 வரை மொத்தம் 144 படங்கள், ஆறு தொகுதி, தொகுதிக்கு இருபத்துநாலு. காலை ஆறு மணியிலிருந்து நடுராத்திரி வரை ஏழு வருஷம் உழைத்ததாக வில்லியம் சொல்லியிருக்கிறார். முழு வரிசையின் விலை 210 பவுண்ட், அன்றைக்குப் பெரிய தொகை. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 144இல் எல்லோரா குகைகள் இருபத்துநாலும் அவர்கள் கண்ணால் பார்த்து வரைந்தவை அல்ல. பம்பாயில் சந்தித்த வேல்ஸ் வரைந்துவைத்து இறந்துபோக, அவருடைய படங்களைப் பார்த்துச் செதுக்கியவை. யாராவது எல்லோராப் படத்தைக் காட்டி டேனியல் நேரில் வரைந்தது என்று விற்றால் நம்பாதீர்கள். உங்கள் பாபநாசம் அந்த வகை இல்லை.

தாமஸ் 1799இல் ராயல் அகாடமி உறுப்பினர் ஆனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இங்கிலாந்தில் செசின்கோட் என்ற பண்ணை மாளிகைத் தோட்டத்துக்கு யோசனை சொல்லி, அங்கே ஒரு பாலத்தின் மேல் நந்திகளை உட்கார வைத்தார். தஞ்சாவூர்ப் பெரிய நந்தியை வரைந்த கை அல்லவா. குளிரில் அந்த நந்திகளைப் பாவம் என்று நினைத்துக்கொள்வேன். வில்லியம் பிற்பாடு பிரிட்டன் கடற்கரை முழுவதையும் சுற்றி 308 படங்கள் போட்டார், 1814இல் தொடங்கி 1825 வரை. அவர் 1837இல் சித்தப்பாவை முந்திக்கொண்டார். தாமஸ் 1840இல், தொண்ணூறைத் தொட்ட பிறகு இறந்தார். இந்தியாவில் இருந்தது ஏழெட்டு வருஷம்தான். மீதி நாற்பத்தைந்து வருஷமும் அந்த ஏழெட்டு வருஷத்தையே எடுத்தெடுத்து வரைந்துகொண்டிருந்தார். சலிக்கவில்லையா என்று எனக்குத் தோன்றும். பர்மாவிலிருந்து 1942இல் திரும்பி வந்து, கடைசி வரை ரங்கூன் தெருப் பேர்களையே சொல்லிக்கொண்டிருந்த பெரியவர்களை நம் திண்ணைகளில் பார்த்திருக்கிறேன். அதை வைத்துப் புரிந்துகொள்கிறேன்.

சரி, உங்கள் படம். இது எப்படிக் கானாடுகாத்தானுக்கு வந்தது என்பதற்கு என்னால் ஊகம்தான் சொல்ல முடியும். கல்கத்தாவிலும் ரங்கூனிலும் சென்னையிலும் துரைமார் வீட்டைக் காலி செய்தால் சாமான் ஏலத்துக்கு வரும். நம் ஆட்கள் நிலைக்கண்ணாடி, சரவிளக்கோடு படங்களையும் சேர்த்து எடுத்திருக்கலாம். வரவு ஏடு ஏதாவது பெட்டகத்தில் கிடந்தால் தேடிப் பாருங்கள்.

அசலா நகலா என்பதை போட்டோவை வைத்து நானோ வேறு யாரோ சொல்ல முடியாது. சொன்னால் அது பொய். ஆனால் நீங்களே பார்க்கலாம். நகைக்கடையில் வைரம் பார்க்கிற லென்ஸ் ஒன்று இரவல் வாங்கி, ஆகாயப் பகுதியைப் பாருங்கள். வரிசையாகச் சின்னச் சின்ன வட்டப் புள்ளிகள், நீலம் மஞ்சள் சிவப்பு என்று தெரிந்தால் அது நம் காலத்து அச்சு, ஓட்டல் சுவருக்குப் போட்டது. புள்ளி இல்லாமல், மணல் தூவியது போல ஒழுங்கற்ற பொடிப்பொடி வலையாகத் தெரிந்தால் அக்வாடின்ட். தாமிரத்தகட்டில் பிசின் பொடியைத் தூவிச் சூடுகாட்டி ஒட்டவைத்து, அமிலத்தில் முக்கினால், பொடிக்கு இடையில் மட்டும் அமிலம் தின்னும். அந்தத் தின்ற பள்ளத்தில் மை தங்குவதால் வருகிற சாயல் அது. அதன் மேல் வர்ணம் தூரிகையால், ஒவ்வொரு பிரதிக்கும் கையால் போட்டது. எல்லை தாண்டிக் கொஞ்சம் வழிந்திருந்தால் சந்தோஷப்படுங்கள். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் கோடாகத் தெரிகிறதா, காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வாட்மேன் என்ற நீர்க்குறி (காகிதம் செய்யும்போதே உள்ளே பதித்த பேர்) தெரிகிறதா என்றும் பாருங்கள். அளவும் சொல்லுங்கள். பெரிய பதிப்பில் படம் மட்டுமே ஏறக்குறைய இரண்டடி அகலம் இருக்கும். 1812க்கு மேல் சின்ன அளவில் ஒரு பதிப்பும் அவர்களே போட்டார்கள், ஆகவே சிறியது என்பதற்காகப் போலி என்று தள்ளிவிட வேண்டாம்.

தயவுசெய்து துடைக்காதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில், இதே போலக் கைவர்ணம் போட்ட ஒரு பழைய படத்தை அழுக்கு என்று நினைத்து ஈரப் பஞ்சால் ஒற்றினேன். அழுக்கு அப்படியே இருந்தது, ஆகாயம் பஞ்சில் வந்துவிட்டது. வீட்டு ஆச்சி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, காப்பி கொடுத்து அனுப்பினார். அது இன்னும் மோசம். கண்ணாடியைக் கழற்றாமல் வெளிப்பக்கம் மட்டும் உலர்ந்த துணியால் துடையுங்கள். முற்றத்து வெயில் நேரே விழுகிற சுவர் என்றால் உள்கட்டுக்கு மாற்றிவிடுங்கள், வெயிலில் வர்ணம் வெளுத்துப்போகும். லாமினேஷன் யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கொடுக்கலாமா என்பதற்கு, பங்காளிகள் எல்லாரையும் கேட்காமல் கொடுக்காதீர்கள் என்பதைத் தவிர நான் சொல்ல முடியாது. விலையும் சொல்ல மாட்டேன், அது என் தொழில் இல்லை. லென்ஸில் பார்த்த பிறகு, சட்டத்தின் பின்பலகையைப் பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். பலகையில் கடைச்சீட்டு ஏதாவது ஒட்டியிருந்தால் அது பாதி கிழிந்திருந்தாலும் பிய்க்க வேண்டாம். எந்த ஊரில் சட்டம் போட்டது என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.